தங்கத்தாள் அங்கிளும் என் முழங்காலும்

சொக்லேட்டை அதன் தாளுக்காக மட்டுமே வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். புளியந்தீவில் நான் போர்டிங் இருந்த வீட்டின் கீழ்த்தட்டில் தையல் கடை வைத்திருந்தார். தெரு முழுக்க அவருக்குத் தங்கத்தாள் அங்கிள் என்றுதான் பெயர்.

எல்லாம் அவர் கைபேசிக்கு வந்த ஒரு படத்தால் வந்த வினை. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் அனுப்பியது. பல நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பியப் பிரபுக்கள் தங்களுக்கென்று கையால் எழுதுவித்த செபப்புத்தகம். எங்கும் பொன். ஓரத்தில் ஒரு குரங்கு குழல் ஊதுகிறது. நடுவில் மாதா, அவர் முன் முழங்காலில் ஒரு சீமாட்டி. எதிர்ப்பக்கத்தில் அவள் புருஷன், அவனும் முழங்காலில்.

"இவ எந்தப் புனிதை மனே?" என்று என்னைக் கேட்டார்.

"புனிதை இல்ல அங்கிள், புத்தகத்துக்குச் சொந்தக்காரி. படத்தில தன்னையும் சேர்த்துக் கீறுவிச்சிருக்கா."

அங்கிள் அசந்து போனார். "அப்ப, செத்தும் இன்னும் முழங்காலிலயா நிக்கிறா!"

அவருக்கு அது சும்மா ஆச்சரியமில்லை. அவர் மனைவி, எங்கள் அன்ரிக்கு வாதத்தால் கால் மடங்குவதில்லை. கதிரையில் இருந்து செபித்தால் போதும் என்று பாதர் எவ்வளவோ சொல்லியும் அன்ரியின் மனம் ஆறவில்லை. "காலை நீட்டிக்கொண்டு மாதாவோட கதைக்கிறதா?" என்று ஒவ்வொரு பின்னேரமும் அழுவார். அதைக் கேட்டுக்கொண்டே அங்கிள் தையல் மிசினை வேகமாக மிதிப்பார்.

மறுநாளே அங்கிள் அன்ரிக்கென்று ஒரு செபப்புத்தகம் செய்யத் தொடங்கிவிட்டார், பொன்னுக்குப் பதில் சொக்லேட்டின் தங்கத்தாளை ஒட்டி. காத்தான்குடியில் யாராவது கட்டாரிலிருந்து வந்திறங்கினால், சொந்தக்காரருக்கு முன் அங்கிள் வாசலில் நிற்பார். தாள் அவருக்கு, சொக்லேட் தெருவுக்கு. அந்த வருடம் எங்கள் தெருவில் பல்வலி இல்லாத வீடே இல்லை. புத்தகத்துப் படங்களில் மீன்காரர் புனித பேதுருவானார். தைத்த காற்சட்டை இறுக்கம் என்று சண்டை பிடித்த கிளாக்கர் ஓரத்தில் குரங்கானார்.

ஒருநாள் என்னைப் பிடித்தார். "முழங்காலுக்கு ஆள் வேணும் மனே. ஒளுப்பம் நேரம் நில்லு."

நான் சித்தாண்டிக்காரன். முருகன் முன் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். முழங்காலில் நின்றது பள்ளிக்கூடத்தில், அதுவும் தண்டனைக்கு. அன்ரியின் பூசைச் சேலையை என்மேல் சுற்றிவிட்டு, அங்கிள் ஒரு மணித்தியாலம் படம் கீறினார். கடைக்கு வந்த மீன்காரர் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு எப்ப கலியாணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாதா திருநாளன்று புத்தகம் அன்ரியின் மடிக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முகம் என்டதான். இந்தப் பாதம் ஆருட? தோணி மாதிரிக் கிடக்கு!"

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் நெற்றியை வைத்து, "மாதாவே, நான் வந்திட்டன்" என்றார். மிசினுக்குப் பின்னால் அங்கிள் ஊசியைத் தேடினார், கையில் வைத்துக்கொண்டே.

"எதிர்ப்பக்கம் வெறுமையாக் கிடக்கு. நீங்க எங்க?" என்றார் அன்ரி.

"எனக்குத்தான் கால் மடங்குதே. நான் கோயில்ல நேரிலயே முழங்காலில நிப்பன்."

எனக்கு இடமாற்றம் வந்தது. போன வருடம் அன்ரி போய்விட்டார். செய்தி பிந்திக் கிடைத்ததால் சாவீட்டுக்குப் போக முடியவில்லை.

போன மாதம்தான் அந்தப் பக்கம் போனேன். கடையில் மிசின் துணியால் மூடிக் கிடந்தது. அங்கிள் கதிரையில், காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மடியில் செபப்புத்தகம், அதே பக்கம். தங்கம் கொஞ்சமும் மங்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமை.

"அவ தனியா நிக்கிறா மனே," என்றார். "பக்கத்தில என்னையும் கீறோணும். இப்ப எனக்கும் கால் மடங்குதில்ல."

நான் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கேட்கும் முன்பே முழங்காலில் நின்றேன்.