செத்த தளபதி இட்லி சாப்பிட்ட படம்

சினிமா பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் பாக்கியவான். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிக்கு எந்தப் படம் வந்தாலும், எந்த விருது யாருக்கு என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்பவன் நான்தான். (சொன்னது ஒன்றுகூடப் பலித்ததில்லை. அதனால் என்ன, மறுநாளும் சொன்னேன்.)

அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். புதுவயலில் தூரத்து உறவு; பெயர் வள்ளி. பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சத்தியாக்கிரகமே நடத்தினேன். ஆனால் அவள் அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், லேசில் மசிகிற ஆளில்லை. "பையனோட ஒரு நா பழகிப் பாத்துட்டுத்தேன் சொல்லுவேன்" என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, போரைக் கிண்டலடிக்கும் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. பட்டாளத்துக்காரருக்கு ஏற்ற படம், என் சினிமா ஞானத்துக்கு ஏற்ற மேடை! மாமாவைக் குடும்பத்தோடு அழைத்தேன். (குடும்பம் என்றால் வள்ளியும்தானே.)

கொட்டகையில் பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்கள். மாமா என் பக்கத்தில், பரேடில் நிற்பதுபோல விறைப்பாக உட்கார்ந்தார்.

படத்தில் தொந்தித் தளபதி ஒருவர். கொஞ்ச நேரத்திலேயே குண்டடிபட்டுச் செத்தார். மாலை போட்டு, பீரங்கி முழங்கி, எல்லோரும் அழுது முடித்தார்கள். அடுத்த காட்சியில் அதே தளபதி கூடாரத்தில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தரை டிக்கெட்டில் ஒரே விசில். "ஏய், இப்பத்தானடா மாலை போட்டாக!"

மாமா என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை இது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"இதுதான் மாமா நவீன உத்தி! ஆளு போனாலும் பதவிப் பசி போகாதுன்னு டைரக்டர் குத்திக் காட்டுறாரு. பாத்துக்கிட்டே இருங்க, இந்த ஒரு காட்சிக்கே டெல்லி விருது நிச்சயம்!"

நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படித்தான் சொன்னேன். முன்னால் இருந்தவர் திரும்பி, "அப்படியாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டார். மாமாவும் மெல்லத் தலையாட்டினார். அடடா, என் கல்யாணம் கண்முன்னே தெரிந்தது!

பட்டென்று விளக்கு எரிந்தது. மேலேயிருந்து ஆபரேட்டர் தலையை நீட்டினார்.

"சத்தம் போடாதீக! கோட்டையூர்க் கொட்டகைக்கும் நமக்கும் சேத்து ஒரே படப்பெட்டி. அங்குட்டு ஓடி முடிஞ்சு சைக்கிள்ல வந்த அவசரத்துல ரீல் முன்னப்பின்ன மாறிப்போச்சு. இந்தா, வரிசையாப் போடுறேன்!"

கொட்டகையே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தளபதி மறுபடி செத்தபோது, "அண்ணே, விருது வாங்குற சீன் வந்திருச்சு, விளக்கம் சொல்லுங்க!" என்று ஒரு குரல். பெண்கள் பக்கமிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. சந்தேகமே இல்லை, வள்ளிதான். எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை மாமா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். பஸ்ஸில் ஏறப்போனவர் நின்றார்.

"மாப்பிள்ளை, வர்ற தையிலயே வச்சுக்கிடுவோம்."

"மாமா... நான் உளறினதைக் கேட்டுமா?"

"கேட்டதுனாலதேன். ஒண்ணுமில்லாத எடத்துல இம்புட்டு அர்த்தம் கண்டுபிடிக்கிறீக. எம்மக வைக்கிற குழம்பை உங்களாலதேன் சாப்பிட முடியும்!"

அந்தப் படத்துக்கு எந்த விருதும் வரவில்லை. குழம்பு விஷயத்தில் மாமா சொன்னது மட்டும் அப்படியே பலித்தது. இன்றைக்கும் உப்பில்லாத குழம்பை நான் வாயில் வைத்ததும் பிள்ளைகள் என் முகத்தையே பார்ப்பார்கள். வள்ளி கரண்டியோடு நின்று, "என்ன, விருது உண்டா?" என்பாள்.

"நவீன உத்தி!" என்று சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வேன்.