நாலுவாட்டியும் பாதிப் பேருக்கு ஓடாத சர்வரும்

காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனியில் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு நெய்வேலிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து வயிற்றில் தண்ணீர்தான். ஏணியைக் கட்டிய மொபெட் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"தம்பி! தம்பி! தம்பி! தம்பி!"

உலகத்திலேயே ஒருவரை ஒரே தடவை கூப்பிடத் தெரியாத மனிதர் அவர்தான். ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் கேபிள் இழுத்துப் பழுது பார்ப்பவர்; நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருக்குப் பெயர் 'நாலுவாட்டி'. ஒரு கம்ப்யூட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்க்க, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு நாலு தடவை குரல் கொடுத்து எத்தனைக்குப் பதில் வருகிறது என்று எண்ணுவார்களாம். வருஷக்கணக்கில் அதையே செய்து, மனிதர்களிடமும் அதே பழக்கம். மூன்றுக்கு மட்டும் பதில் சொன்னால், "உடம்பு சரியில்லையா?" என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் நாலு தடவை கூப்பிட்டாராம். அத்தோடு அந்தச் சம்பந்தம் போச்சு.

"எங்க போய்கினு இருக்க?"

"வேல தேடிங்க."

"ஏணி சறுக்கினே வருது. புடிச்சிகினு ஒக்காரு."

போன இடம் மெஷின் சாமான் விற்கும் ஒரு தனியார் ஆபீஸ். அத்தனை பேருக்கும் ஒரே சர்வர். ஒரு வாரமாகப் பாதிப் பேருக்கு ஒரு பில் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. "பெர்மனென்ட்டுக்கு மட்டும் ஸ்பீடு வுடறாங்க" என்று கான்ட்ராக்ட் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் நாலுவாட்டியிடம் கறாராகச் சொன்னார்: "சாயந்தரத்துக்குள்ள சரியாவலன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேணாம். வேற ஆளு பாத்தாச்சு."

நாலுவாட்டி பதறவில்லை. மேனேஜர் உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பில்லைத் திறக்க வேண்டும். உடனே திறந்தவர்கள் வலப்பக்கம், திறக்காதவர்கள் இடப்பக்கம் வந்து நிற்க வேண்டும் என்றார். சைகைக்கு நான் கை தட்டினேன்.

இடது வரிசையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நடுவே மூன்று பெர்மனென்ட். கடைசியில் மேனேஜர்.

"இன்னா சார், உங்களையும் கான்ட்ராக்ட்ல போட்டுட்டாங்களா?" என்றார் அதே வரிசையில் நின்ற ஸ்டோர் அக்கா ஒருவர். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலுவாட்டி சொன்னார்: "சர்வருக்கு ரெண்டு கேபிளுங்க. பாதிப் பேரு இதுல போறாங்க, பாதிப் பேரு அதுல. ஒண்ணு வீக்கு. ஆளு பாத்து ஓரவஞ்சன பண்ண அதுக்குத் தெரியாதுங்க."

நான் ஏணியைப் பிடிக்க, மேலே ஏறி அந்த வீக்கான கேபிளைப் பிடுங்கினார். மிச்சமிருந்த நல்ல கேபிளிலேயே எல்லோருக்கும் பில் திறந்தது. புதுக் கேபிள் இழுத்து முடித்தபோது மணி நாலு.

"நாளைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார் மேனேஜர்.

மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேன் என் அழுக்குப் பையைப் பார்த்தார். "இது யாருங்க?"

"நம்ம ஆளு. நோட்டுல எழுதிக்குங்க" என்றார் நாலுவாட்டி.

பல ஊரில் வேலை பார்த்தவன் நான். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் உள்ளே போனேன்.