பெரியப்பா ஒத்துழைக்க மறுத்த விவகாரம்

செவிலியர் மாணவியின் கோப்பில் அவள் செய்த குற்றங்கள் வரிசை பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. முதலாம் ஆண்டு: காய்ச்சலைப் பார்க்குமுன்பே அட்டையில் காய்ச்சல் அளவை எழுத மறுத்தது. இரண்டாம் ஆண்டு: கை கழுவும் வாரத் தொடக்க விழாவில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சிறப்பு விருந்தினர் காதுபடச் சொன்னது. மூன்றாம் ஆண்டு: விடுதிக் கூரை ஒழுகுவதாக மனு எழுதியது. நான்காவதுதான் பெருங்குற்றம். அவள் ஓர் உயிரைக் காப்பாற்றப் பார்த்தாள்.

உயிர் என்றால் ரப்பர் உயிர்.

அந்த ஆண்டு 'குழு மனப்பான்மை' என்பது புது மோஸ்தர். மருத்துவம், மருந்தியல், இயன்முறை, செவிலியம் என நான்கு துறை மாணவர்கள் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஒற்றுமையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண். நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளைக் கவனித்துக்கொள்ளத்தானே படிவங்கள் இருக்கின்றன?

நோயாளி, பயிற்சிக்கூடத்துப் பொம்மை. மூச்சு விடும், முனகும், மருந்தின் அளவு தப்பினால் நாடி நிற்கும். மாணவர்கள் பெரியப்பா, பெரியப்பா என்று கூப்பிட்டு, பதிவேட்டிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது.

"இதுல தேறினாத்தான் உனக்கு வேலை ஆணை வரும்" என்றாள் அம்மா. அதே மருத்துவமனையில் தரை துடைப்பவள். "நாலு பேர் தலையாட்டினா நீயும் ஆட்டிட்டு வாடி. கழுத்து சுளுக்கிக்காது."

தேர்வு தொடங்கியது.

"அஞ்சு மில்லி போட்டுடலாம்" என்றான் மருத்துவ மாணவன்.

"அருமையான கருத்து" என்றாள் மருந்தியல் மாணவி.

"பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றான் இயன்முறை மாணவன்.

"அரை மில்லிடா! சீட்டைப் பாரு! அஞ்சு போட்டா பெரியப்பா போய்ச் சேர்ந்துடுவாரு" என்றாள் இவள்.

மதிப்பீட்டாளர் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். அவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. தலையசைத்தலுக்கு இருந்தது, புன்னகைக்கு இருந்தது, முரண்படுதலுக்கும் இருந்தது. இவள் மருத்துவ மாணவனின் கையைப் பிடித்தாள். மற்ற இருவரும் இவள் கையைப் பிடித்தார்கள். ஐந்து மில்லியும் ஏறியது. கருவி வீறிட்டது.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்கப்பா" என்றார் மதிப்பீட்டாளர். "யார் யாருக்கு நன்றி சொல்றாங்கன்னே கேட்க மாட்டேங்குது."

மூவருக்கும் தொண்ணூற்றெட்டு. இவளுக்குப் பதினொன்று. அதுவும் சீருடை சுத்தமாக இருந்ததற்காக.

இவள் மேல்முறையீடு செய்தாள். விசாரிக்க நான்கு துறைத் தலைவர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலி யாருக்கு என்ற தகராறில் அவர்கள் ஏழு வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. ஆகவே குழு மனப்பான்மை பற்றிய விசாரணை நான்கு அறைகளில் நடந்தது. கடைநிலை ஊழியர் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார். ஒரு வாரத்தில் தீர்ப்பு தயாரானது. கல்லூரி முதல்வர் இவளை அழைத்தார்.

"நாலுல மூணு பேர் ஒரே கருத்து. அப்ப முடிவு சரியானதுன்னு ஆகுது."

"முடிவு சரின்னா அவர் எப்படி சார் செத்தார்?"

"நல்ல கேள்வி. அதைத்தான் நாங்களும் ஆராய்ஞ்சோம்." வழிகாட்டி நூலைப் பிரித்தார். "நோயாளியும் குழுவின் உறுப்பினரே. பார்த்தியா? இப்ப நீயே சொல்லு. குழுவுல ஒருத்தரையும் கலந்துக்காம, தன் இஷ்டத்துக்கு நாடியை நிறுத்தினது யாரு?"

"சார், அது பொம்மை!"

"சக உறுப்பினரை மட்டம் தட்டிப் பேசாதேம்மா. அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஒற்றுமை குலைஞ்சா ஒருத்தர் மேல எழுதியாகணும். நீயா, அவரா? நாளைக்கு மண்டபத்துல வாக்கெடுப்பு. கையைத் தூக்கினா தொண்ணூற்றெட்டு. தூக்கலேன்னா உன் வேலை ஆணை அடுத்தவளுக்குப் போயிடும்."

மறுநாள் மண்டபம் நிரம்பியிருந்தது. இருநூறு மாணவர்கள், நான்கு மூலைகளில் நான்கு துறைத் தலைவர்கள், கதவோரம் துடைப்பத்தோடு அம்மா. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும் என்பது இயற்கை நீதி. ஆகவே பெரியப்பாவுக்குச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள்.

"தங்கள் தரப்பில் சொல்ல ஏதேனும் உண்டா?" என்று முதல்வர் விதிப்படி மூன்று முறை கேட்டார். மௌனம் பதிவு செய்யப்பட்டது. "ஒத்துழையாமை" என்று ஓரத்தில் எழுதப்பட்டது.

"தவறு இவருடையதே என்போர் கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன. சொல்லவேண்டியதை மூன்று வாக்கியமாக இரவெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள் அவள். முதல் வாக்கியம் தொண்டை வரை வந்தது. கதவோரம் பார்த்தாள். அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தாள். இவள் கையும் எழுந்தது. இதுவரை எழுந்ததிலேயே கனமான கை அது.

முதல்வர் எண்ணிப் பார்த்தார். மண்டபம் முழுவதிலும் கை தூக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அத்தனை சாட்சிகள் முன்னிலையில், குழு மனப்பான்மையில் தோற்றவரின் பெயரை உரக்க வாசித்தார்:

"பெரியப்பா."