துளியை அமுக்கினா வால்டர் பேரு

ராயபுரம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள தம்பி சாலமனுக்கு,

அக்கா டோரதி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே யாவரும் சுகம். பூனாவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். வாட்ஸப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பில்டிங்கில் எட்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார். தண்ணீர் முறைக்குச் சண்டை வரக்கூடாது என்று, சங்கச் செயலாளரான எனக்கு நீ எக்ஸெல்லில் ஒரு நீலத் துளி வரைந்து, அதை அமுக்கினால் மேல் கட்டத்தில் அடுத்த வீட்டுப் பேர் வருகிற மாதிரி மேக்ரோ போட்டுக் கொடுத்தாய். நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு ஒரு துளி இருந்தால் மரியாதையாக இருக்குமே என்று நான் அதையே எட்டாகக் காப்பி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேர் எழுதி, லேப்டாப்பை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். காப்பி எடுத்தா மேக்ரோவும் கூடவே ஒட்டிகினு வரும்னு எனக்கு யாரு சொன்னா? எந்தத் துளியை அமுக்கினாலும் அடுத்த பேருதான் வருது.

இன்னிக்குக் காலைல எங்க பில்டிங் சிலுவையம்மா முறை, மேல் கட்டத்துலயும் ஏற்கெனவே அவங்க பேருதான் இருந்துச்சு. அவங்க பொண்ணுக்கு நிச்சயம், எண்ணூர்லேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கிளம்பிட்டாங்க. அவங்க ஆசையா வந்து தன் துளியை அமுக்க, மேல அடுத்த முறைக்காரர் வால்டர் பேரு வந்திடுச்சு.

"இன்னா டோரதி, என் பேரைத் தொட்டா அந்தாளு வர்றாரு?"

பின்னால போவலாம்னு பாத்தா, மேக்ரோ ஓடினதை அழிச்சுத் திருப்ப முடியாதாம். சுத்தி வந்தா தன் பேரு வரும்னு சிலுவையம்மா அமுக்கிகினே இருந்தாங்க. வந்திச்சு. வேகத்துல இன்னொண்ணு அமுக்கிட்டாங்க. மறுபடியும் வால்டர். அவரு பக்கெட்டோட மோட்டார் சுவிட்சுகிட்ட நின்னுகினு, "ரெண்டு வாட்டி சொல்லிடுச்சு. நான் இன்னா பண்ண?"ன்றாரு. சிலுவையம்மா காலி குடத்து மேல உக்காந்து அழுதுட்டாங்க.

நான் வுடல. நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். நாம பண்றதை அப்படியே மேக்ரோவா ரெக்கார்டு பண்ற பட்டனை அமுக்கி, மேல் கட்டத்துல சிலுவையம்மா பேரை அடிச்சு, நிறுத்தி, அவங்க துளி மேல வலது கிளிக் பண்ணி, அந்தப் புது மேக்ரோவை அதுல மாட்டினேன். அமுக்கினேன். அவங்க பேரு வந்திச்சு. வால்டர் திரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, சுவிட்சை வுட்டு நகந்துட்டாரு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்தப்போ காபி ரெடி. அப்புறம் மத்த துளிங்களுக்கும் உக்காந்து தனித்தனியா மாட்டிட்டேன்.

ஆகையால் தம்பி, லீவு போட்டுக்கொண்டு இதற்காக நீ வர வேண்டியதில்லை. இனி எக்ஸெல் விஷயத்தில் எனக்கு யார் தயவும் தேவையில்லை. வண்டியில் ஹெல்மெட் போட்டுப் போ. எல்லாப் புனிதர்களும் உன் கூட இருக்கட்டும்.

உன் அக்கா,
டோரதி

பி.கு.: ஃபைலைச் சாதாரண எக்ஸெல் ஃபைலாகச் சேமித்து மூடும்போது, மேக்ரோ இல்லாமல் சேமிக்கட்டுமா என்று கேட்டது. இவ்ளோ மரியாதையா கேக்குதேன்னு சரின்னுட்டேன். இப்ப திறந்தா எட்டுத் துளியும் கீது, அமுக்கினா மேக்ரோவே இல்லைங்குது. லீவு போட்டுட்டு வா. வால்டருக்குத் தெரியறதுக்குள்ள வா.