அஃறிணையில் ஒரு சந்தேகம்

அச்சடித்த தாளை மடித்து, நகத்தால் தேய்த்து, ஊசியில் நூல் கோத்து, மடிப்போடு மடிப்பாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கும் இந்த பைண்டரை நன்றாகப் பாருங்கள். கை தைக்கிறது; காது வேறு வேலை பார்க்கிறது. இந்த இனத்துக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அச்சகத்தில்தான் என்றில்லை, நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் ஒன்று இருக்கும். தனக்குச் சந்தேகம் உண்டு என்று அது ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. 'எனக்கு எல்லாம் தெரியும்' என்றுதான் சொல்லும்.

பைண்டர் உள்ளே நுழையும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால், பேச்சு அவரைப் பற்றி. நிறுத்தாமல் பேசினால், அவருக்குத் தெரியாமலிருக்க, வேண்டுமென்றே நிறுத்தாமல் பேசுகிறார்கள். வணக்கம் சொன்னால் நடிப்பு, சொல்லாவிட்டால் திமிர், தலையை மட்டும் ஆட்டினால் அதற்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்துத்தான் பொருள் சொல்ல முடியும். யாராவது தும்மினால்? அதையும் ஒதுக்கிவிட முடியாது.

அன்று சாயங்காலம் மேலாளர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெக்கானிக்கின் குரல்.

"இனிமே தாங்காது சார். ரொம்பப் பழசாயிடுச்சு. எப்பப் பாத்தாலும் சத்தம். மாத்திடலாம்."

"நாளைக்கே மாத்திடு. இருபது வருஷம் உழைச்சது போதும்."

பைண்டர் அங்கே சேர்ந்து இருபது வருஷம். சத்தம் போடுவதும் உண்டு. வேறென்ன சாட்சி வேண்டும்? யாரை, எதை என்று சொல்லாமலே பேசி முடிப்பது நம் மொழியின் வசதி. அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது இவர் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அவர்கள் தள்ளுவதற்குள் தானே போய்விட வேண்டுமாம். அடுத்த வேலை? தெரியாது. மகளின் படிப்பு? தெரியாது. மானம் மட்டும் தெரியும்.

மனைவி முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர். கடிதத்தை ஒரு தடவை படித்தார்.

"உங்க பேரைச் சொன்னாங்களா?"

"சொல்லல. அங்கதான் சூழ்ச்சியே இருக்கு."

"பழசாயிட்டாருன்னாங்களா, பழசாயிடுச்சுன்னாங்களா?"

"பழசாயிடுச்சுன்னுதான். மனுஷனை அஃறிணையில பேசுறாங்க பாரு. அவ்வளவு இளக்காரம்."

மனைவி சிரிக்கவில்லை. சிரித்தால் தானும் சூழ்ச்சியில் சேர்க்கப்படுவோம் என்று தெரியும். 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்று அடித்துப் பேசவும் இல்லை. அதனால் தெளிந்தவர் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

"பயமா இருக்கா?"

பைண்டர் சுவரைப் பார்த்தார். "இருக்கு."

"பயம் நிஜம்தான். காரணமும் நிஜமான்னு பாக்கணும். காதுல விழுந்தது எவ்வளவு, நீங்களா சேத்துத் தைச்சது எவ்வளவு? எழுதுங்க."

எழுதினார். காதில் விழுந்தது நாலு வரி. தைத்தது இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கமும் ஓடியது.

"நாளைக்கு நேராப் போய்க் கேளுங்க. இப்ப சாப்பிடுங்க. தூக்கம் போச்சு, இவ சோத்துல எதையோ கலக்குறாள்னு தட்டைத் தள்ள ஆரம்பிச்சீங்கன்னா, அப்புறம் பேச்சு கிடையாது, டாக்டர்தான். காய்ச்சலுக்குப் போறதில்லையா?"

சாப்பிட்டார். முதல் கவளத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக மென்றார்.

மறுநாள் காலை கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலாளர் முன் நின்றார்.

"நேத்து மாத்திடலாம்னு சொன்னது யாரை சார்?"

"யாரையா? தாள் வெட்டுற மிஷினைய்யா. உங்களைன்னா மரியாதையா, பழசாயிட்டாருன்னு சொல்லியிருக்க மாட்டோமா?"

பைண்டர் கடிதத்தை நாலாக மடித்து அந்த மிஷினிலேயே வெட்டிப் போட்டார். மேலாளர் ஏன் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. அதையும் கேட்டுவிடுவதாக இருக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, சரி. ஆனாலும், இதை உங்களிடம் கொடுத்து 'படித்துப் பாருங்கள்' என்றவர் என்ன நினைத்துக் கொடுத்தார் என்று இப்போது லேசாகத் தோன்றுகிறதா? அவரையே கேட்டுவிடுங்கள்.