காற்று எத்தனை டிகிரி?

சிக்னல் பச்சைக்கு மாறியதும் கார் ஒரு தடவை இருமியது, இரண்டு தடவை குலுங்கியது, அப்புறம் நின்றேவிட்டது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"காத்து எத்தனை டிகிரி?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"முப்பத்தொண்ணு," என்றாள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள். "முதல்ல வண்டியை ஓரம் கட்டலாம்ப்பா. பின்னாடி ஒருத்தர் இறங்கி வர்றாரு."

"வரட்டும். முப்பத்தொண்ணுக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க, "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசத் தேவையில்லாத வேலை. வீட்டிலும் ஏறக்குறைய அந்த அளவோடு நிறுத்திக்கொள்வார். மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோதுகூட, "நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். அவள் பிறந்தபோது இந்தக் காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விமான நிலையத்துக்கும் இதே காரில்தான் கொண்டுபோய் விடுவார். டாக்சி என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

காருக்கோ வயதாகிவிட்டது. காற்று குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்ட வேண்டும், சூடாக இருந்தால் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் குழம்பிப்போய்விட்டது என்றார் மெக்கானிக். நம்பரை நாமே மாற்றிக்கொள்ளும்படியான வேறொன்றைப் பொருத்தி, லேப்டாப்பில் செருக ஒரு வயரையும் கொடுத்து, "பொறுமையாப் பண்ணுங்க சார்" என்று அனுப்பிவைத்தார். அந்த மனிதருக்கு இவர் மேல் என்ன கோபமோ.

இதில் ஒரு சங்கடம். கண்ணாடியைப் போட்டால் எக்ஸ்ரேக்காரருக்கு ரோடு தெரியாது, கழற்றினால் நம்பர் தெரியாது. அதனால் அவர் ஓட்ட, மகள் நம்பரைப் படித்து, அவர் சொன்னபடி மாற்றித் தட்ட வேண்டியதாயிற்று. டியூட்டிக்குப் போகுமுன் குளிரில் ஒரு சுற்று, வந்ததும் வெயிலில் ஒரு சுற்று.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதலில் பெட்ரோலைக் கூட்டினார். ஸ்டார்ட் ஆனது. கூடவே கிளம்பிய கறுப்புப் புகை எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளை ஒரு கை பார்த்தது. குறைத்தார். வெயிலில் நடுரோட்டில் நின்றது. வெயில் ஏறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் பிடித்தார்.

"என்னங்க, தலை ஈரம் சொட்டுது, கல்யாணத்துக்குக் கிளம்பணும். அதை எங்க வச்சீங்க?" என்று மனைவி ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்! இப்பத்தான் நாப்பதைத் தொட்டிருக்கு."

அந்த ஐந்து நிமிஷத்தில் குழாய் இளகிச் சப்பிப்போனது, டிரையர் கருகியது, மனைவி ஈரத்தலையோடு கல்யாணத்துக்குப் போனாள். புதுக் குழாய் போட்டதில் பழைய நம்பர்கள் எதுவும் ஒத்துவரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"அப்பா, அங்க பனி கொட்டுமாம்," என்றாள் மகள், ஒரு நாள் ஓட்டத்தில்.

"அப்ப பெட்ரோல் ஜாஸ்தி வேணும்."

"எனக்குத் தனியா இருந்து பழக்கமே இல்லப்பா."

"ம்... இருபத்தெட்டுல என்ன காட்டுது?"

அவள் நம்பரைப் படிக்காமல் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "பயமா இருக்குப்பா," என்றாள்.

"எதுக்குப் பயம்? இந்த ஸ்பீடுல போனா நிக்காது. அதுல ரெண்டு குறை."

"குறைச்சிட்டேன்ப்பா."

மறுநாள் கார் முன்னைவிட மோசமாகத் திணறியது. எக்ஸ்ரேக்காரர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். மகள் வெயிலுக்குத் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு, "நாளைக்கும் ஒரு சுற்று போய்ப் பாக்கலாம்ப்பா" என்று ஆறுதல் சொன்னாள்.

கிளம்பும் நாளும் வந்தது. பின்சீட் முழுக்கப் பெட்டிகள். அம்மா வாசலிலேயே அழுது முடித்துக்கொண்டாள். எக்ஸ்ரேக்காரர் பயந்துகொண்டே சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பில் கார் கிளம்பியது. குளிரில் இருமவில்லை, வெயில் ஏறியும் குலுங்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் சமர்த்தாக நின்று, சமர்த்தாகக் கிளம்பியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வழி முழுக்க அந்த நம்பர்களைப் பற்றியே பேசினார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

விமான நிலைய வாசலில் மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் வாயில் வந்தது இதுதான்:

"ஒரு தடவைகூடத் திணறல, பாத்தியா?"

"பாத்தேன்ப்பா," என்று சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில், பழக்க தோஷத்தில், "காத்து எத்தனை டிகிரி?" என்றார். லேப்டாப் மட்டும் பக்கத்து சீட்டில் மூடிக் கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயமாக இருக்கிறது என்றாளே, என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அங்கே யார் வீட்டில் தங்கப்போகிறாள் என்றுகூடத் தெரியாது. காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார்.

"தினம் பக்கத்துலயே இருந்தா. ஒரு நாள்கூட வாயைத் திறந்து பேசல நான். இந்தப் பாழாப்போன கார் அத்தனை நாளையும் முழுங்கிடுச்சு."

மனைவி அவர் கையில் தண்ணீரைக் கொடுத்தாள்.

"காரைத் திட்டாதீங்க. சரியான நம்பர் அவளுக்கு எப்பவோ கிடைச்சிடுச்சு. கார் சரியாயிட்டா நீங்க பக்கத்துல உக்காரக் கூப்பிட மாட்டீங்கன்னு, அவதான் தினமும் மாத்தி மாத்திக் கெடுத்து வச்சா."