துண்டுக்கு அடியில் ஒரு எண்

உயிரே போனாலும் அந்தச் சாய்வு நாற்காலியை விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பதினொரு வருடமாக என் முதுகின் அளவுக்குப் பள்ளம் விழுந்த நாற்காலி. டாக்டர் என் தொப்பையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய அன்றே மனைவி பந்தயம் வைத்துவிட்டாள். அவள் தம்பி ஒரு சைக்கிள் கொடுத்தான். நின்ற இடத்திலேயே மிதிப்பது. ஒரு மாதத்தில் அதில் நூறு வாட் சக்தி காட்ட வேண்டும். இல்லையென்றால் நாற்காலி தம்பி வீட்டுக்கு.

முதல் நாள் நாற்பது வாட்டிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. மறுநாள்தான் வழி தெரிந்தது. சைக்கிளில் இரண்டு எண்கள். மேலே, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று. கீழே, வாட். சக்கரத்தை இறுக்கும் திருகைத் தளர்த்திவிட்டால் கால் காற்றாடியாகப் பறக்கிறது! கீழ் எண்ணின் மேல் துண்டைப் போட்டேன். மனைவி தையல்காரி. அதே அறையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதி மெஷினில் தைப்பவள். திரும்பியே பார்க்க மாட்டாள்.

"நூத்திப் பத்து!" என்று மேல் எண்ணைப் பார்த்துத் தினமும் கத்தினேன்.

"அடேயப்பா!" என்றாள் தினமும்.

மாதக் கடைசியும் வந்தது.

"துண்டை எடுங்க."

"எதுக்கு? வேர்வை துடைக்க வச்சிருக்கேன்."

"வேர்த்தாத்தானே துடைக்க? மாசம் பூரா உங்களுக்கு ஒரு தடவைகூட மூச்சு வாங்கல. துணி வைக்காம மிதிச்சா என் மெஷினும் பிச்சுக்கிட்டுதான் ஓடும். ஒரு தையல் விழுமா?"

மிதித்துக்கொண்டே எடுத்தேன். இருபத்தெட்டு வாட்.

வீம்புக்குத் திருகை முழுக்க இறுக்கினேன். முழங்கால் கதறியது. நிமிஷத்துக்குப் பதினைந்து சுற்று. முப்பத்தைந்து வாட்.

"எட்டு மடிப்புத் துணியைத் திணிச்சா ஊசி இறங்காதுங்க. பாரமும் வேணும், ஓட்டமும் வேணும்."

"இதை மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே! அந்த நாற்காலி மேல கண்ணு வச்சுத்தானே தம்பி சைக்கிளையே குடுத்தான்?"

எனக்கு அழாத குறை. வாசலில் மச்சினன் வண்டியோடு நின்றான். கட்டக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தான், பாவி.

நாற்காலி இருந்த இடத்துக்கு அவள் சைக்கிளை நகர்த்திவிட்டாள். வீட்டில் இனி எனக்கென்று இருப்பது அந்த ஒரு சீட்டுதான். இதையும் அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

"பேனா ஓடுது, மூச்சுச் சத்தம் கேக்கலையே!" என்கிறாள், திரும்பிப் பார்க்காமலே.